கண்டெய்னர் வரிசையில் கரையும் யூனிட்

போன இதழில் என் மகன் வாங்கிய மின்சார எஸ்யூவியைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்து குவிந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் நாற்பது வரி எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் கேள்வி-பதில் முழுவதும் அந்த வண்டிக்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் முப்பத்திரண்டு வருஷம் செல்ஃப்-டைனமோ கடை, அதாவது வண்டியைக் கிளப்பும் மோட்டாரும் கரண்ட் தரும் டைனமோவும் பழுது பார்க்கும் கடை, வைத்திருந்தவன் நான். இப்போது கடையைத் தம்பி மகன் பார்க்கிறான். வண்டி மஹிந்திரா பிஇ 6. பேட்டரி 79 கிலோவாட் அவர். கரண்ட் பில் பாஷையில் சொன்னால் 79 யூனிட். ஆடியிலேயே எடுத்துவிடலாம் என்று மகன் துடித்தான், என் மனைவி விடவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து ஓடிய கிலோமீட்டரையும் செலவான யூனிட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். கடையில் ஆர்மேச்சர் கணக்கு எழுதிய கை, சும்மா இருக்காது.

“கம்பெனி 682 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் விற்றது. என் வண்டி ஃபுல் சார்ஜில் 430 காட்டுகிறது. மணலிக்கு வேலைக்குப் போய்வரும் நாளில் அதுவும் கட்டுபடியாகவில்லை. ஏமாற்று வேலையா சார்?”
திருவொற்றியூர் வாசகர்

ஏமாற்று இல்லை தம்பி. ஆனால் அந்த 682 உங்கள் தெருவில் எடுத்த கணக்கும் இல்லை. எம்ஐடிசி என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. லேபில் உருளைமேல் வண்டியை ஏற்றி, எழுதிவைத்த வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஏசி போட மாட்டார்கள். எதிர்க்காற்று கிடையாது, குழி கிடையாது, அதிகபட்ச வேகமே 90-தான். எல்லாக் கம்பெனிக்கும் அதே பரீட்சை என்பதால் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும், அவ்வளவுதான். டாடா ஹாரியர் இவியின் ஆல்வீல் டிரைவுக்கு 622 போட்டிருக்கிறார்கள், பிஇ 6-க்கு 682. சரி, ஒப்பிடலாம். ஆனால் பிஒய்டி சீலயன் 7 பெர்ஃபார்மன்ஸுக்குப் போட்டிருக்கும் 542, என்இடிசி என்ற வேறு பரீட்சையில் வாங்கிய மார்க். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, கணக்குப் பாட மார்க்கையும் தமிழ்ப் பாட மார்க்கையும் ஒப்பிடுவது மாதிரி.

நீங்கள் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் தின்கிறது என்று பாருங்கள். என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மெரினா, அங்கிருந்து அடையாறு, திரும்பி வீடு: நூறுக்குப் பதினைந்தரை யூனிட். ரெட்ஹில்ஸ் தாண்டி ஜிஎன்டி ரோட்டில் 80 வேகத்தில் ஒரே சீராகப் போனால் பதினாலு. 100 வேகத்தில் பதினேழு. 120 தொட்டால் இருபத்தொன்று. சரி, எல்லாவற்றையும்விட மெதுவாக ஊர்ந்த நாளில் எவ்வளவு? சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காகக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால்: இருபது!

என் மகனே முதலில் நம்பவில்லை. “மெதுவாகப் போனால் மிச்சம்தானே ஆகணும்?” என்றான். பெட்ரோல் வண்டியிலேயே அப்படி இல்லை, இதில் எப்படி ஆகும்? விஷயம் ஏசியில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் கண்ணாடிக் கூரை போட்ட இவ்வளவு பெரிய வண்டியைக் குளிர வைத்திருக்க மணிக்கு ஒன்றரை யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 100 வேகத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் போய்விடுகிறோம். ஆகவே ஏசியின் பங்கு நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட். கண்டெய்னருக்குப் பின்னால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் நகர்கிறோம். அதே ஒன்றரை யூனிட், பதினைந்து கிலோமீட்டருக்கு. நூறுக்குக் கணக்குப் போட்டால் பத்து யூனிட். சக்கரம் சுற்றத் தின்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது மணலி ரோட்டில் உங்கள் பேட்டரியில் பாதி வண்டியை ஓட்டுகிறது, பாதி உங்களைக் குளிப்பாட்டுகிறது.

அதற்காக ஏசியை அணைக்கச் சொல்ல மாட்டேன். இத்தனை லட்சம் கொட்டிவிட்டு வேர்த்து வழியப் போவதா? ஒன்று செய்யலாம். காலையில் கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், வண்டி சார்ஜர் ஒயரில் இருக்கும்போதே மொபைலிலிருந்து ஏசியைப் போட்டுவிடுங்கள். வெயிலில் கொதித்த வண்டியை முதலில் குளிரவைக்கத்தான் கரண்ட் அதிகம் இழுக்கும். அந்தச் செலவு பேட்டரியிலிருந்து போகாமல் வீட்டு மீட்டரிலிருந்து போகும். பெருக்கல் கழித்தலில் உங்கள் 430 நியாயமான எண்தான். பேட்டரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே நான் இறங்கவே மாட்டேன், ஆகவே என் கணக்கில் கையில் இருப்பது 71 யூனிட். நெடுஞ்சாலையில் 100 வேகத்தில் அது ஏறக்குறைய 415 கிலோமீட்டர். உங்கள் மணலி நாளில் 355.

“அண்ணே, ரேஸ் மோடில் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் எவ்வளவு சார்ஜ் போகும்? வீட்டில் அப்பா திட்டுகிறார்.”
வியாசர்பாடி, கல்லூரி மாணவர்

அப்பா திட்ட வேண்டியதுதான், ஆனால் சார்ஜுக்காக அல்ல. இந்தக் கேள்வியில் நானே முதலில் தப்புக் கணக்குப் போட்டேன்.

வண்டியும் ஆட்களுமாக இரண்டேகால் டன். நின்ற நிலையிலிருந்து 100 வேகம் எட்ட 6.7 விநாடி என்கிறது கம்பெனி. அந்த வேகத்துக்குத் தள்ள எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று எட்டாம் வகுப்பு பௌதிகத்தை வைத்துப் பாருங்கள்: கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் சூடாகி வீணாவதைச் சேர்த்தால் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். 750 வாட் மிக்ஸி அரைமணி நேரம்கூட ஓடாது அதில். அதிலும், அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்தீர்கள் என்றால் மோட்டார் டைனமோவாக மாறிப் பாதிக்கு மேல் பேட்டரிக்கே திருப்பி அனுப்பிவிடும். செல்ஃப் மோட்டார் ஒரு மேஜையிலும் டைனமோ ஒரு மேஜையிலுமாகப் பிரித்துப் போட்டு ஆயுசு முழுக்க வேலை பார்த்தவன் நான். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பேட்டரியைக் காலி செய்வது அழுத்து அல்ல, அழுத்திய காலை எடுக்காமல் வைத்திருப்பது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போகும்போது இருப்பதைப்போல் இரண்டேகால் மடங்கு, 120-ல்.

அப்புறம் ஒரு விஷயம். எக்ஸ்பிரஸ் சாலையில் இரவில் ஓரமாக நிற்கும் டிரெய்லர்களில் பாதிக்குப் பின் லைட்டே எரியாது. கடல் பக்கத்து மணல் தார்மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும். அந்த ரோட்டில் 6.7 விநாடி பரிசோதனை வேண்டாம். அப்பாவிடம் இதையும் படித்துக் காட்டவும்.

“எங்கள் வீடு ராயபுரத்தில் ஒரு சந்தில், முதல் மாடி, வாடகை. வண்டி கீழே தெருவில்தான் நிற்கும். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இறக்கி ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரிதானா ஐயா?”
ராயபுரம் வாசகி

கூடாதும்மா. அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

போன மாதம் காலடிப்பேட்டையிலிருந்து தெரிந்த பையன் ஒருவன் பாலித்தீன் கவரில் ஒரு பிளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். மூன்று முள்ளில் ஒன்று மட்டும் கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. அந்த முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் குமிழ் குமிழாக உருகி, ஆறி, மீன் கண் மாதிரி வெறித்துக்கொண்டிருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், எனக்குப் பழக்கமான வாசனை. எரிந்துபோன ஆர்மேச்சரை அறுக்கும்போது வருமே, அதே வாசனை. அவனுடைய சாக்கெட் நல்ல கம்பெனிதான், புதிதுதான். உள்ளே ஒரு ஸ்குரூ அரைச் சுற்று லூசாக இருந்தது, அவ்வளவுதான் கோளாறு.

வீட்டில் இருக்கும் பவர் பிளக்கில் கீசர் போடுகிறோம், இஸ்திரி போடுகிறோம். எதுவும் அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இழுப்பதில்லை. அதே பிளக்கில் செருகும் வண்டியின் சின்ன சார்ஜர் பதினாலு ஆம்ப்ஸை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். லூசான இடம், மெல்லிய ஒயர், சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன், எங்கே பலவீனமோ அங்கே சூடு தேடிக்கொண்டு போய் உட்காரும். இதில் ஒயர் சந்தின் குறுக்கே தொங்கும், அதன்மேல் ஸ்கூட்டர் ஏறும், மழை பெய்யும், தெருப்பிள்ளைகள் தொடும்.

வழி இல்லாமல் இல்லை. உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மீட்டர் பெட்டி மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் உங்கள் மீட்டரிலிருந்து கீழேயே தனி லைன் எடுக்கலாம். நாலு ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் ஒயர், அதற்கென்று தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே இறங்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), மூடி போட்ட நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். முக்கியமாக எர்த். கடலோர உப்பு மண்ணில் எர்த் கம்பி துருப்பிடித்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும், மேலே பச்சை ஒயர் மட்டும் அழகாகத் தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி வேலையே செய்யாது. சிலர் அதற்கும் ஒரு குறுக்குவழி சொல்வார்கள், அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அந்தச் சின்ன சார்ஜரில் காலியிலிருந்து ஃபுல் ஆக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று பயப்படுவார்கள். யார் காலியிலிருந்து ஃபுல் போடச் சொன்னது? தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடினால் ஏழு எட்டு யூனிட். ராத்திரி மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால் 32 ஆம்ப்ஸ். அதற்கு ஆறு ஸ்கொயர் ஒயர், கூடுதல் லோடு, பெரும்பாலும் மூன்று பேஸ் என்று செலவு வளரும். வாடகை வீட்டில் அது வேண்டாம்.

வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால்? வண்டியைத் தள்ளிப்போடுங்கள். வெளியே உள்ள ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி இந்த வண்டியை வைத்திருக்க அண்ணாநகரில் முடியலாம், ஓஎம்ஆரில் முடியலாம். நம் பக்கம் இன்னும் அந்த நிலை வரவில்லை.

“வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?”
கொளத்தூர் வாசகர்

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஆகும் வீடு. வண்டி மாதம் ஆயிரம் கிலோமீட்டர், இரண்டு மாதத்தில் இரண்டாயிரம். நூறுக்குப் பதினேழு யூனிட் வீதம் 340. சுவரிலிருந்து பேட்டரிக்குப் போவதற்குள் பத்து சதவீதம் சூடாகக் கரையும், ஆக 375 என்று வையுங்கள். மொத்தம் 825.

2024 ஜூலை கட்டணப்படி 450 யூனிட்டுக்குச் சுமார் 1,500 ரூபாய். 825-க்கு ஐயாயிரத்து நூறு சொச்சம். 500-ஐத் தாண்டியதும் 8.55, 600-ஐத் தாண்டியதும் 9.65, 800-க்கு மேல் 10.70 என்று படி ஏறுகிறது, போதாததற்கு 101 முதல் 200 வரைக்குமான சலுகை விலையும் பறிபோகும். எனவே வண்டிக்கான செலவு 3,600 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. இதே பலமுள்ள பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்குப் பத்து கொடுத்தாலே பெரிது, அங்கே கிலோமீட்டர் பத்து ரூபாய். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை கேட்கிறார்கள், அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அங்கே போட்டால் கிலோமீட்டருக்கு மூன்றரையிலிருந்து ஐந்து. இப்போது ராயபுரத்து அம்மாவுக்கு நான் சொன்ன பதில் ஏன் அப்படி என்று புரியும்.

“175 கிலோவாட் வேகத்தில் 20 நிமிஷத்தில் சார்ஜ் ஏறும் என்கிறார்களே, நெல்லூர், விஜயவாடா பக்கம் குடும்பத்தோடு நம்பிப் போகலாமா?”
மாதவரம் வாசகர்

20-லிருந்து 80 சதவீதம் வரை 20 நிமிஷம், அதுவும் 180 கிலோவாட் தரும் சார்ஜர் பெட்டி கிடைத்தால். வாய் பெரிதாக இருந்து என்ன, குழாய் சிறிதாக இருந்தால் வாளி மெதுவாகத்தான் நிறையும். நம் பாதையில் அதிகம் கண்ணில் படுவது 60 கிலோவாட் பெட்டிகள். 20-லிருந்து 80-க்கு நாற்பத்தேழு யூனிட் வேண்டும், அதில் ஐம்பது நிமிஷம் ஆகும். அந்தப் பெட்டிக்கு இரண்டு கன், அதாவது வண்டியில் செருகும் பிளக், இருக்கும். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து அடுத்த கன்னைச் செருகினால் பல பெட்டிகளில் ஆளுக்கு முப்பதாகப் பிரிந்துவிடும். மொபைலில் ஐம்பது நிமிஷம் காட்டியது திடீரென்று ஒன்றரை மணி ஆகும். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

கார்த்திகையில் நெல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நூறு சதவீதத்தில் கிளம்பினோம். மகன் நல்லூர் டோல்கேட் தாண்டியதும் 120-ல் பிடித்தான், நான் சொல்லிப் பார்த்தேன், என் மனைவி பின்னால் தூங்கிவிட்டாள். நெல்லூரில் ஊருக்குள் சுற்றியது போகத் திரும்பும்போது 51 சதவீதம் இருந்தது. போதும்தான். ஆனால் பழக்கம் விடுமா, மறுபடி 120. நாயுடுப்பேட்டை வரும்போது 32. “இங்கே பங்க்கில் சார்ஜர் இருக்கு, ஆப்பில் பச்சை காட்டுது” என்றான்.

இருந்தது. பங்க்கின் கடைசி மூலையில், காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் பின்னால். ஸ்கிரீன் விழித்துக்கொண்டுதான் இருந்தது. கன்னைச் செருகினால் ‘கடக்’ என்று பூட்டிக்கொள்ளும், பத்து விநாடி யோசிக்கும், அப்புறம் மறுபடி ‘கடக்’ என்று விடுவித்துவிடும். மூன்று தடவை. அங்கே இருந்த பையன் பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து பிரேக்கரை இறக்கி ஏற்றினான். “காலையில இருந்தே இப்படித்தான் சார், நேத்து மழை” என்றான். கன்னின் வாயை என் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே உள்ள இரண்டு பெரிய துளைகளில் ஒன்றில் ஈரம் மினுங்கியது. இன்சுலேஷன் சரியில்லை என்று வண்டி கண்டுபிடித்து மறுக்கிறது. அது சரியான காரியம். ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவதே அந்தப் பத்து விநாடி யோசனைதான். மழையில் சார்ஜ் போடலாமா என்று கேட்ட நாலு பேருக்கும் இதுவே பதில்: போடலாம், ஆபத்து என்றால் அதுவே விடாது.

வீட்டுக்கு நூற்றைந்து கிலோமீட்டர். கையில் இருபத்தைந்து யூனிட். நான் நோட்டைப் பிரித்தேன். 80-ல் போனால் பதினாலு வீதம், ரெட்ஹில்ஸ் வரை பன்னிரண்டு யூனிட், ஊருக்குள் மூன்றரை. “80-க்கு மேல் போகாதே” என்றேன். தடா வரைக்கும் ஒரு ஆந்திரா அரிசி லாரிக்குப் பின்னால் மரியாதையான இடைவெளி விட்டுப் போனோம். ஸ்கூட்டிக்காரர்கள்கூட எங்களை முந்தினார்கள். 282 குதிரைத்திறன் வண்டியை ஓட்டிக்கொண்டு என் மகன் கும்மிடிப்பூண்டி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் 12 சதவீதம்.

ஆகவே விஜயவாடாவுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் 20 சதவீதத்தில் சார்ஜர் தேடாதீர்கள், 40-ல் தேடுங்கள். முதல் பெட்டி படுத்துவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போகக் கையில் யூனிட் இருக்க வேண்டும். ஆப்பில் பச்சை தெரிந்தால் போதாது, கடைசியாக யார் எப்போது அங்கே சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள்.

“திருமலை மலைப்பாதையில் ஏறினால் பேட்டரி தீர்ந்துவிடுமா?”
பெரம்பூர் வாசகர்

தீராது. கீழிருந்து மேலே ஏறக்குறைய எழுநூறு மீட்டர் ஏற்றம். இரண்டேகால் டன்னை அவ்வளவு உயரம் தூக்க நாலேகால் யூனிட், மற்ற செலவு தனி. இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்ப வந்துவிடும். மேலே போய் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் கரண்ட் போக இடமில்லாததால் மோட்டார் பிடிப்பது குறைந்துவிடும், வளைவுக்கு வளைவு பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டியிருக்கும். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகப் போய்வர, மலையும் சேர்த்து 320 கிலோமீட்டர். நிதானமாக ஓட்டினால் ஒரே சார்ஜ். புரட்டாசியில் திருக்குடை யானைக்கவுனியைத் தாண்டும் நாளன்று மட்டும் கிளம்ப வேண்டாம். ஊரைத் தாண்டுவதற்குள் ஏசியே தின்றுவிடும்.

“மொபைல் மாதிரி 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டுமா, 100 போடலாமா?”
கொருக்குப்பேட்டை வாசகி

இந்த வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, உங்கள் மொபைலில் இருப்பது பெரும்பாலும் வேறு ஜாதி. எல்எஃப்பியில் பாதி நிறைந்தபோதும் முக்கால் நிறைந்தபோதும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கணக்கிட உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப்பிள்ளைக்குக் கொஞ்ச நாளில் கணக்கு தப்பிவிடும். அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் அவர் சரிபார்த்துக்கொள்வார். நான் வாரம் ஒருமுறை ஏற்றுகிறேன். நூறு ஏற்றி வெயிலில் நாலு நாள் நிறுத்திவைப்பதுதான் தப்பு. கியா இவி6 மாதிரி வேறு வகை பேட்டரி உள்ள வண்டி என்றால் தினசரிக்கு 80 போதும்.

“மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலில் மூன்று நாள் வடியவில்லை. மின்சார வண்டி தாங்குமா?”
புளியந்தோப்பு வாசகர்

பேட்டரி பெட்டிக்கு ஐபி67 என்று ஒரு சான்று போடுவார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி எடுத்தாலும் உள்ளே நீர் போகாது என்று அர்த்தம். அரைமணி நேரம், அதுவும் சுத்தத் தண்ணீர். மூன்று நாள் சாக்கடைத் தண்ணீருக்கு யாரும் சான்று தரவில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது, சைலன்ஸர்தான் இல்லையே என்று இறங்கிவிடாதீர்கள். வண்டி அணையாமல் இருக்கலாம், மிதக்காமல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

புயல் அறிவிப்பு வந்ததும் நான் செய்வது: முந்தின நாளே நூறு ஏற்றுவேன், சாக்கெட்டின் எம்சிபியை இறக்குவேன், வண்டியைக் கொண்டுபோய் மேடான இடத்தில் நிறுத்திவிடுவேன். தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சார்ஜ் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சர்வீஸ் ஆளை வரச்சொல்லுங்கள். 79 யூனிட் கையில் இருந்தால் கரண்ட் போன வீட்டில் ஃபேனும் விளக்கும் எத்தனை நாள் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? வண்டியிலிருந்து வீட்டுச் சாமானுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி உள்ள மாடல்களும் வந்துவிட்டன, வாங்கும்போது கேளுங்கள்.

“காசிமேட்டில் ஐஸ் வியாபாரம். வண்டி தினம் துறைமுகத்துக்கு வெளியே உப்புக் காற்றில்தான் நிற்கும். பேட்டரி கெடுமா?”
காசிமேடு வாசகர்

பேட்டரியை விடுங்கள், அது மூடிய பெட்டி. நீங்கள் குனிந்து பார்க்க வேண்டியது பிரேக் டிஸ்க்கை.

பெட்ரோல் வண்டியில் தினம் நூறு தடவை பிரேக் பிடிக்கிறோம், தகடு தேய்ந்து பளபளவென்று இருக்கும். இதில் பாதி நேரம் மோட்டாரே வண்டியை நிறுத்திவிடுகிறது. பிரேக்குக்கு வேலையில்லை. வேலையில்லாத இரும்பும் உப்புக் காற்றும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஐஸ் உடைக்கும் மெஷினைப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது நாலு டிஸ்க்கும் மஞ்சள் பூசி வைத்த மாதிரி இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள், பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, பிரேக் பெடலைக் கொஞ்சம் அழுத்தமாக நாலைந்து முறை மிதியுங்கள். மெதுவாகத் தொட்டால் மறுபடி மோட்டார்தான் பிடிக்கும், அழுத்தினால்தான் தகடு தேயும். சார்ஜ் மூடிக்குள் இருக்கும் உலோக முட்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், ஆனால் உப்புத்தாளோ தேங்காய் எண்ணெயோ வைத்துத் துடைக்காதீர்கள். வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், மீன் கழுவின தண்ணீரில் நிற்கவைக்காதீர்கள். காலையில் முதல் பிரேக்கில் ‘கர்ர்’ என்று சத்தம் வந்து இரண்டாவது தடவை போய்விட்டால் அது மேல் துரு, கவலையில்லை. நாலாவது தடவையும் கேட்டால் வண்டியைக் கடைப்பக்கம் கொண்டுவாருங்கள், தம்பி மகன் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பான்.